வலித்த பல் தங்கியது, வலிக்காத பல் போனது: ஞானப்பல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வலது தாடை வீங்கி, வாய் பாதிகூடத் திறக்காத நிலையில் 27 வயது இளைஞர் ஒருவர் தம் தாயாருடன் மலேசியாவின் சுங்கை சிப்புட் பல் கிளினிக்குக்கு வந்தார். செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. சோற்றைக் கஞ்சியாகக் கரைத்துத்தான் குடித்துக்கொண்டிருந்தார். தாயார் கேட்டது ஒன்றுதான்: “நாலு ஞானப்பல்லையும் ஒரேயடியாப் புடுங்கிருங்க டாக்டர், தொல்லை விட்டுச்சுன்னு இருக்கும்.” பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோ, கடைவாய்ப்பல்லைத் தொட்டால் கண் பார்வை போய்விடும் என்று இளைஞரைப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்.

இரண்டு பேர் சொன்னபடியும் நடக்கவில்லை. அன்று வலித்த பல் இன்றும் அவர் வாயில் இருக்கிறது. வலியே இல்லாத இடது கீழ்ப்பல்தான் அறுவை செய்து எடுக்கப்பட்டது. ஏன் அப்படி என்பதை விளக்குவதே இந்த ஆய்வின் நோக்கம். இதே சிக்கலோடு வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் காண்பதை ஒன்றுசேர்த்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி இது எழுதப்பட்டுள்ளது.

எண்கள் பற்றி ஒரு வார்த்தை. பல் மருத்துவர்கள் ஞானப்பற்களை 18 (வலது மேல்), 28 (இடது மேல்), 38 (இடது கீழ்), 48 (வலது கீழ்) என்று குறிப்பார்கள். அவற்றுக்கு முன்னால் நிற்கும் கடைவாய்ப்பற்கள் 17, 27, 37, 47. மலாய்க்காரர்கள் ஞானப்பல்லை ‘கீகி போங்சு’ என்பார்கள், கடைக்குட்டிப் பல். பொருத்தமான பெயர். 17 வயதிலிருந்து 25 வயதுக்குள், மற்ற எல்லாப் பற்களும் இடம்பிடித்த பிறகு கடைசியாக வருவதால்தான் அதற்கு இடம் போதாமல் போகிறது.

முதல் நாள் கண்டவை

உடல் வெப்பம் 37.8 டிகிரி. விரல் நுனியில் எடுத்த சர்க்கரை 5.6 மில்லிமோல். வேறு நோய் இல்லை, ஒவ்வாமை இல்லை. நாளொன்றுக்கு எட்டுப் பத்து சிகரெட். மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே அளந்தபோது வாய் 24 மி.மீ. மட்டுமே திறந்தது. பெரியவர்களுக்கு 40 மி.மீ. அளவில் திறக்க வேண்டும். வீட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் சொந்தக் கையின் நடு மூன்று விரல்களை நெட்டாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். இவருக்கு ஒன்றரை விரல்தான் நுழைந்தது.

பல்லைப் பார்ப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியவை வேறு சில. நாக்குக்கு அடியில் விரல் வைத்தால் மெத்தென்று இருக்கிறதா, நாக்கு மேலே தூக்கப்பட்டிருக்கிறதா, எச்சிலை விழுங்க முடிகிறதா, குரல் மாறியிருக்கிறதா? கீழ்ஞானப்பல்லின் சீழ் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் இறங்கினால் மூச்சுக்குழாயே அடைபடலாம். எச்சில் வடிந்து விழுங்க முடியாமல், குரல் கனத்து வருபவரைப் பல் நாற்காலியில் உட்காரவைத்து நேரத்தைக் கழிக்கக் கூடாது. நேராக 999 அல்லது அவசரப் பிரிவு. இவருக்கு நாக்கின் அடிப்பகுதி மென்மையாக இருந்தது, எச்சில் விழுங்கினார். தாடைக்கு அடியில் ஒரு நெறிக்கட்டி மட்டும் தொட்டால் வலித்தது.

48 பாதிதான் வெளியே வந்திருந்தது. அதன் பின்பாதியை ஒரு ஈறு மடல் போர்வைபோல் மூடியிருந்தது, சிவந்து உப்பியிருந்தது. அதன்மேல் மேற்பல் 18 கடித்த பள்ளங்கள் இரண்டு தெளிவாகத் தெரிந்தன. பக்கத்துக் கன்னத்தில் வெள்ளையாக ஒரு தோல் உரிவு. அது நோயால் வந்ததல்ல; கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சை இரவெல்லாம் அடக்கி வைத்திருந்ததால் வந்த சூட்டுப்புண். கிராம்பு எண்ணெயைச் சொத்தைக் குழியில் ஒரு துளி வைப்பது வேறு, வெறும் ஈறில் ஊறவைப்பது வேறு. சித்தப்பா வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் ஐந்து மாத்திரையும் விழுங்கியிருந்தார். மடலுக்கு அடியில் சிக்கிய அழுக்கு அப்படியே இருக்கும்போது எந்த மாத்திரையாலும் அதைக் கழுவ முடியாது.

இடது பக்கத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. கேட்டபோது, “அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல டாக்டர், அதுலதான் சாப்பிடுறேன்,” என்றார். 38-இன் ஒரு மூலை மட்டும் ஈறுக்கு மேல் எட்டிப்பார்த்தது. அளவு குறித்த மெல்லிய கம்பியை 37-க்குப் பின்னால் விட்டபோது 6 மி.மீ. இறங்கியது. ஆரோக்கியமான ஈறில் 3 மி.மீ.-க்குள் நிற்க வேண்டும். கம்பி நுனியில் பழைய சோற்றின் புளித்த வாடை. 37-இன் பின்பக்கத்தில், ஈறு தொடங்கும் இடத்தில், கம்பி ஓரிடத்தில் மெத்தென்று ஒட்டியது. சொத்தை.

மடலுக்கு அடியில் கழுவியது

பாதி முளைத்த பல்லைச் சுற்றி வரும் இந்த ஈறு அழற்சிக்குப் பெரிகோரனைட்டிஸ் என்று பெயர். சிகிச்சையின் முக்கால் பங்கு கழுவுவதுதான். 20 மி.லி. சிரிஞ்சில் வெதுவெதுப்பான சலைன் (உப்புநீர்), நுனி மழுங்கி வளைந்த ஊசி. ஊசியை மடலின் முன் ஓரத்தில் மெதுவாக நுழைத்து, பல்லை ஒட்டியே பின்பக்கம் கொண்டுபோய், அழுத்தாமல் தண்ணீரை விட வேண்டும். முதல் ஐந்து மி.லி. கலங்கிய மோர்போல் வந்தது. அதோடு அரைச் சோற்றுப் பருக்கை ஒன்றும், கீரை நார் ஒன்றும். நாற்றம் அறை முழுதும் பரவியது. இரண்டாவது சிரிஞ்சின் பாதியில் தண்ணீர் தெளிந்தது. பத்து நிமிடத்தில் வலி பாதியாகக் குறைந்ததாக அவரே சொன்னார்.

ஆன்டிபயாட்டிக் எல்லோருக்கும் தேவையில்லை. ஈறு மட்டும் வீங்கி, காய்ச்சல் இல்லாமல், வாய் நன்றாகத் திறந்தால் கழுவுவதும் வலி மாத்திரையுமே போதும். இவருக்கு வாய் திறக்காமை, நெறிக்கட்டி, லேசான காய்ச்சல் மூன்றும் இருந்ததால் மெட்ரோனிடசோல் 400 மி.கி. (200 மி.கி. மாத்திரை இரண்டு), நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள். இந்த மாத்திரையோடு மது சேரக் கூடாது. பீர், சம்சு, கள், ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்து எல்லாம் இதில் அடங்கும். கடைசி மாத்திரை போட்டு 48 மணி நேரம் கழியும்வரை தொடக் கூடாது; சேர்ந்தால் குமட்டல், வாந்தி, நெஞ்சுப் படபடப்பு வரலாம். வார்ஃபரின் என்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது.

வலிக்குப் பாரசிட்டமால் 1 கிராம் (500 மி.கி. இரண்டு) ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் எட்டு மாத்திரைக்கு மேல் கிடையாது. உணவுக்குப் பின் இபுபுரூஃபன் 400 மி.கி. மூன்று வேளை, வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது வேண்டாம். பனாடோல் (அதுவும் பாரசிட்டமால்தான்) சாப்பிட்டுக்கொண்டே சளிக்கென்று கடையில் வாங்கும் மாத்திரையையும் சேர்த்துப் போடுபவர்கள் பலர். பல சளி மாத்திரைகளுக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கிறது. எட்டு என்ற கணக்கு அங்கேதான் தப்பிப்போகிறது.

படத்தில் தெரிந்தது

வாய் ஓரளவு திறந்ததும் ஓபிஜி எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் அந்த எக்ஸ்ரே இல்லாமல் கீழ்ஞானப்பல் பற்றி முடிவெடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். எல்லாச் சிறு டவுன் கிளினிக்குகளிலும் அந்த இயந்திரம் இருப்பதில்லை. இவர் ஈப்போ போய் எடுத்து வந்தார்.

38 முன்பக்கம் சாய்ந்து, தன் தலையை 37-இன் கழுத்தில் முட்டுக்கொடுத்துப் படுத்திருந்தது. கீழ்த்தாடையில் அதிகம் காணும் சாய்வு இதுதான். முட்டும் இடத்தில் 37-இல் கருநிழல், அதாவது சொத்தை. நரம்பறைக்கும் அதற்கும் நடுவே இன்னும் ஓர் அடுக்கு பல் மிச்சமிருந்தது. 38-இன் வேர்நுனிக்கும் தாடை நரம்பு ஓடும் கால்வாய்க்கும் இடையே எலும்பு தெளிவாகத் தெரிந்தது.

48 கதை வேறு. நிமிர்ந்தே நின்றது, சொத்தை இல்லை, 47-க்குப் பின்னால் எலும்பு நன்றாக இருந்தது. ஆனால் அதன் வேர் நரம்புக் கால்வாய்மீது விழுந்த இடத்தில் வேர் கறுத்துத் தெரிந்தது. கால்வாயின் மேல் விளிம்பாக ஓடும் வெள்ளைக் கோடு அங்கே அறுந்திருந்தது. ரூட், ஷெஹாப் என்ற இருவர் 1990-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இன்றுவரை பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் அபாயக் குறிகளில் முக்கியமான மூன்றில் இரண்டு இவை. மூன்றாவது, கால்வாயே வளைந்து விலகுவது. இந்தக் குறிகள் இருந்தால் பல்லை எடுக்கும்போது கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு காயப்படும் வாய்ப்பு கூடுகிறது.

28 மேல்தாடை எலும்புக்குள் உயரத்தில் முழுதாகப் புதைந்திருந்தது, 27-ஐத் தொடவில்லை. 18 முழுதாக வந்து, கடிக்க எதிர்ப்பல் இல்லாமல் கீழே இறங்கியிருந்தது.

ஒவ்வொரு பல்லுக்கும் தனி முடிவு

ஞானப்பல்லை எடுக்கலாமா வேண்டாமா என்று வாயைப் பார்த்துக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒவ்வொரு பல்லையும் தனியாகக் கேட்க வேண்டும்: இந்தப் பல்லில் நோய் இருக்கிறதா, இது பக்கத்துப் பல்லைக் கெடுக்கிறதா, எடுத்தால் எது ஆபத்து, விட்டால் எது ஆபத்து?

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் என்ற அமைப்பு 2000-ஆம் ஆண்டில் தெளிவாக ஒன்றைச் சொன்னது: நோயில்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் எடுக்காதீர்கள். நிரப்ப முடியாத சொத்தை, வேர் நுனிச் சீழ், நீர்க்கட்டி, எலும்பு அழற்சி, பக்கத்துப் பல்லைக் கரைப்பது போன்றவை இருந்தால் எடுக்கலாம். பெரிகோரனைட்டிஸ் முதல்முறை வந்தால், அது மிகக் கடுமையாக இல்லாத வரையில், அதை மட்டும் காரணமாக்கி எடுக்க வேண்டாம்; இரண்டாம்முறை வந்தால் எடுப்பது சரி. மலேசியச் சுகாதார அமைச்சும் இதே பற்களுக்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டுள்ளது.

அந்த விதி நல்ல விதி. தேவையற்ற அறுவைகளைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். ஆனால் நடைமுறையில் பலர் அதை ‘வலிக்கும்வரை விட்டுவிடு’ என்று புரிந்துகொண்டார்கள். விளைவை பிரிட்டன் மருத்துவர்களே பின்னால் எழுதினார்கள்: ஞானப்பல் எடுக்க வருபவர்களின் சராசரி வயது ஏறியது, முன்னால் நிற்கும் நல்ல பல்லின் முதுகில் சொத்தையோடு வருபவர்கள் கூடினார்கள். நோயில்லாத பல்லை விட்டுவைக்கலாம். பார்க்காமல் விட்டுவைப்பது வேறு விஷயம். இந்த வேறுபாட்டைத்தான் நோயாளிகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

சாய்ந்த 38-ஐ எடுப்பதென்று முடிவானதும் தாயார் கேட்டார்: “வலிக்காத பல்லை எதுக்கு டாக்டர் எடுக்கணும்? வலிச்சதை விட்டுட்டு?”

“அம்மா, அந்தப் பல்லுக்காக எடுக்கல. முன்னாடி நிக்கிற பல்லைக் காப்பாத்தத்தான் எடுக்கிறோம். இது அங்க முட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அந்த ஓட்டையை அடைக்க கை போகாது.”

ஞானப்பல் போனால் மெல்லுவதற்கு நட்டமில்லை. 37 போனால் அந்தப் பக்கம் மெல்லும் பலமே போய்விடும். சொத்தை நரம்பறையைத் தொட்டிருந்தால் வேர் சிகிச்சை அல்லது இரண்டு பல்லும் இழப்பு என்ற நிலை வந்திருக்கும். குளிர்ந்த பஞ்சை வைத்தபோது 37-இல் சுரீரென்று வந்த வலி இரண்டு மூன்று நொடியில் மறைந்தது. நரம்பு இன்னும் உயிரோடு, காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

வலித்த 48-ஐ விடுவதென்று முடிவு. முதல்முறை அழற்சி, கழுவியதும் அடங்கிவிட்டது, சொத்தை இல்லை, பக்கத்துப் பல்லுக்குக் கேடில்லை, நரம்பு நெருக்கம். மடலை மட்டும் வெட்டிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். இடமில்லாத தாடையில் வெட்டிய மடல் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். மடலைத் தினமும் கடித்து நசுக்கிக்கொண்டிருந்த 18-ஐ எடுப்பதுதான் எளிது, பயனும் அதிகம். நரம்பு ஆபத்து இல்லாத, பத்து நிமிட வேலை. முதல் வாரக் கடைசியில், வாய் 38 மி.மீ. திறந்தபோது, 18 எடுக்கப்பட்டது.

28-ஐ யாரும் தொடவில்லை.

முன்பற்கள் நெருக்கிக்கொண்டு கோணுவதற்கு ஞானப்பல்தான் காரணம், எடுத்தால் நேராகும் என்ற நம்பிக்கையும் அன்று பேச்சில் வந்தது. வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குவது ஞானப்பல் இல்லாதவர்களுக்கும் நடக்கிறது. அதற்காக எடுப்பது வீண். பெரியம்மாவின் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பற்களுக்கு உணர்வு தருவது ஐந்தாம் கபால நரம்பின் கிளைகள். பார்வை தருவது இரண்டாம் கபால நரம்பு. அதன் பாதையே வேறு. கீழ்ஞானப்பல்லில் நிஜமாகப் பயப்பட வேண்டியது கண்ணுக்கல்ல, கீழுதட்டுக்கும் நாக்குக்கும். உதடோ நாக்கோ சில வாரம், சில மாதம் மரத்துக் கிடப்பது நூற்றில் சிலருக்கு நேரும். நிரந்தரமாக அப்படியே நின்றுபோவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் உண்டு. கையெழுத்து வாங்கும் முன் இதைத் தமிழில், நிதானமாகச் சொல்ல வேண்டும்; படிவத்தை நீட்டிக் கோடு காட்டுவது போதாது.

38-ஐ எடுத்த விதம்

மூன்று வாரம் கழித்து, உடல் மரக்காமல் அந்த இடம் மட்டும் மரக்கும் ஊசியில். ஒரு மணி நேரம் முன்பே இபுபுரூஃபன் 400 மி.கி. கொடுத்தால் மரப்பு விடும் நேரத்தில் வலி தலைதூக்காது. 0.2% குளோர்ஹெக்சிடின் 10 மி.லி. ஒரு நிமிடம் கொப்பளித்தார். மரப்பு மருந்து 2% லிக்னோகெய்ன், 1:80,000 அட்ரினலினோடு, 2.2 மி.லி. குப்பி இரண்டு, ஆக 88 மி.கி. லிக்னோகெய்ன். அவர் எடை 68 கிலோ. கிலோவுக்கு 7 மி.கி. என்ற வரம்புப்படி 476 மி.கி.வரை தாங்கும். கீழுதட்டின் பாதி முழுதும் தடித்துப்போனது போல் இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகே கத்தி எடுக்கப்பட்டது. ‘கொஞ்சம் மரத்திருக்கு’ என்பது போதாது. அங்கே அவசரப்பட்டால் நடுவில் துடிப்பார்.

15-ஆம் எண் கத்தியால் 37-க்குப் பின்னிருந்து கன்னப் பக்கமாகச் சரித்து வெட்ட வேண்டும், நேராகப் பின்னால் அல்ல. கீழ்த்தாடை அங்கே வெளிப்பக்கம் விரிகிறது. நேராகப் போனால் கத்தி எலும்பை விட்டு இறங்கி, நாக்கு நரம்பு ஓடும் உள்பக்கத் தசையில் விழும். ஈறைத் தூக்கி ஒதுக்கிய பின் பல்லின் கன்னப் பக்கத்து எலும்பில் சிறு வாய்க்கால் தோண்டப்பட்டது. இதற்குப் பல் அடைக்கும் காற்றுவேக டிரில் ஆகாது. அதன் காற்று ஈறுக்கு அடியில் புகுந்து முகம் கழுத்தெல்லாம் ஊதிவிடும். அறுவைக்கான மோட்டார் டிரில்லும், விடாமல் ஊற்றும் சலைனும் வேண்டும். எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே கெடத் தொடங்கும். தண்ணீர் நின்றுபோய் டிரில் மட்டும் சுற்றும் சில நொடிகள், பிறகு ஆறாத புண்ணாக வந்து நிற்கும்.

சாய்ந்த பல்லை முழுதாக இழுக்க முயன்றால் 37-இல்தான் முட்டும். அதனால் தலையிலிருந்து வேர் பிரியும் இடம்வரை கன்னப் பக்கமிருந்து வெட்டினார்கள். வெட்டு முழு ஆழத்துக்குப் போகவில்லை. நாக்குப் பக்கம் கடைசிக் கால்பங்கை விட்டு, நேர் எலிவேட்டரை (பல்லை நெம்பும் கருவி) வெட்டில் வைத்துத் திருப்பினால் சடக்கென்று பிளந்துவிடும். மிச்சம் விட்ட அந்தக் கால்பங்குதான் நாக்கு நரம்புக்குக் கவசம். பின் பாதி முதலில் வந்தது; காலியான இடத்தில் முன் பாதியைச் சாய்த்து எடுத்தார்கள். எலிவேட்டரின் ஊன்றுகோல் எலும்பாக இருக்க வேண்டும், 37 அல்ல. சொத்தை விழுந்த பல்லின்மேல் ஊன்றினால் அதுவும் ஆடிவிடும்.

வெளியே வந்த துண்டுகளை டிரேயில் ஒட்டிவைத்து, இரண்டு வேரின் நுனியும் முழுதாக இருக்கிறதா என்று சரிபார்த்தார்கள். பல்லைச் சுற்றியிருந்த பையைச் சுரண்டி, கூர் எலும்பைத் தேய்த்து, 40 மி.லி. சலைன் விட்டுக் கழுவி, 4-0 கரையும் நூலில் மூன்று தையல். 37-க்கு நேர் பின்னால் விழும் தையல்தான் முக்கியம். ஈறு அந்தப் பல்லை ஒட்டி ஆறுவதற்கு அதுவே பிடி. மொத்தம் 35 நிமிடம்.

மூன்றாம் நாள்

வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னவை: பஞ்சை 30 நிமிடம் அழுத்திக் கடியுங்கள், நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்காதீர்கள். 24 மணி நேரம் கொப்பளிக்க வேண்டாம், துப்ப வேண்டாம், ஸ்டிராவில் உறிஞ்ச வேண்டாம். மறுநாளிலிருந்து ஒரு கிளாஸ் வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, சாப்பிட்ட பிறகெல்லாம். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். அதைக் கண்டு பயப்படாதீர்கள். சிகரெட் குறைந்தது ஒரு வாரம் வேண்டாம்.

சிகரெட்டில்தான் தவறினார். இரண்டாம் நாள் இரவு ‘ஒண்ணே ஒண்ணு’. மூன்றாம் நாள் காலை, குறைந்துகொண்டு வந்த வலி திரும்ப ஏறி, காதுவரை இழுத்தது, வாயில் துர்நாற்றம். காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. தையலுக்கு நடுவே விலகிய ஓட்டையில் இரத்தக்கட்டி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற எலும்பு. இதுதான் டிரை சாக்கெட். கீழ்ஞானப்பல் எடுத்த இடத்தில் மற்றப் பற்களைவிட அதிகம் வரும். புகைப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் இன்னும் அதிகம்.

தாயார் ஆன்டிபயாட்டிக் ஊசி கேட்டார். டிரை சாக்கெட் கிருமி பரவும் நோய் அல்ல. இரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிவதால் வரும் வலி. வெதுவெதுப்பான சலைனால் கழுவி, அல்வோஜில் என்ற நார் மருந்தைக் குழியில் தளர்வாக வைத்தார்கள்; அயோடின் ஒவ்வாமை இல்லை என்று கேட்டுக்கொண்ட பிறகு. அரை மணியில் வலி தணிந்தது. இரண்டு நாள் கழித்து ஒருமுறை மாற்றியதோடு, பத்தாம் நாள் குழியின் அடியில் இளஞ்சிவப்புத் தசை ஏறிவிட்டது. எலும்பைச் சுரண்டி ‘புது இரத்தம் வரவைக்கும்’ பழைய வழக்கம் வேண்டாம், வலியைத்தான் கூட்டும்.

வேலை பற்றி. ஆலைச் சூட்டில் படியேறி இறங்கும் வேலை, முதல் மூன்று நாளுக்கு இரத்தக்கசிவைத் தூண்டும். அவருக்கு முதலில் மூன்று நாளும் பிறகு இரண்டு நாளும் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுக்கப்பட்டது. பல் டாக்டர் தரும் எம்சி செல்லாது என்று தோட்டப்புறத்தில் இன்றும் சொல்பவர்கள் உண்டு. தீபகற்ப மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டம், சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்புக்குப் பல் மருத்துவரின் சான்றையும் ஏற்கிறது: இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 18, ஐந்தும் அதற்கு மேலும் 22. விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும்; அதைத் தவறவிட்டால் வராத நாளாகக் கணக்காகும். வாட்ஸ்அப்பில் எம்சி படத்தை மேற்பார்வையாளருக்கு அன்றே அனுப்பிவைத்தால் சிக்கல் இல்லை.

மூன்றாம் வாரம் ஈறு ஆறியதும் 37-இன் முதுகுச் சொத்தை சுத்தம் செய்யப்பட்டு, கிளாஸ் அயனோமர் வைத்து அடைக்கப்பட்டது. நரம்பறை திறக்கவில்லை.

வாய் திறக்காவிட்டால் எல்லாம் ஞானப்பல் அல்ல

இதை விட்டுவிட்டு எழுத மனம் வரவில்லை. இந்த இளைஞருக்கு வாய் திறக்காதது மூன்று நாளில் வந்தது, கழுவியதும் போனது. தோட்டங்களில் வெற்றிலை பாக்கு, அதிலும் புகையிலை சேர்த்துப் போடும் பாட்டிமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வாய் மெல்ல மெல்ல, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இறுகும். கன்னத்துக்குள் விரல் வைத்துத் தடவினால் வெளிறிய நார் பட்டைகள் தட்டுப்படும். காரம் பட்டால் எரியும். அது பாக்கினால் வரும் நார்த்தசை இறுக்கம், புற்றுநோய்க்கு முந்திய நிலை. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடம், அதிலும் வெற்றிலை போடும் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவது நீண்டகாலமாகத் தெரிந்த உண்மை.

கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வலியில்லாத தடிப்பு, சிவப்பு அல்லது வெள்ளைத் திட்டு, பல் எடுத்த குழி ஆறாமல் சதை வளர்வது, காரணமில்லாமல் உதடு மரப்பது ஆகியவற்றை ‘ஞானப்பல் முளைக்குது’ என்று சொல்லி உப்புத் தண்ணீரில் தள்ளிப்போடக் கூடாது. ஐம்பது வயதில் ஞானப்பல் புதிதாக முளைத்து வாய் பூட்டிக்கொள்வது மிக அரிது. அப்பத்தாவை அழைத்துக்கொண்டு வந்து காட்டுங்கள்.

ஒன்பதாம் மாதம்

37 குளிருக்குச் சாதாரணமாகப் பதில் தருகிறது. அதன் பின்னால் ஈறு ஆழம் 6-இலிருந்து 4 மி.மீ.-ஆகக் குறைந்திருக்கிறது, முழுதாக 3-க்கு வரவில்லை. இருபதுகளின் தொடக்கத்திலேயே 38 எடுக்கப்பட்டிருந்தால் அந்த எலும்பு இன்னும் நன்றாக நிரம்பியிருக்கும். எக்ஸ்ரேயில் 38 இப்படிச் சாய்ந்து 37-இல் முட்டுவதைப் பார்த்தால் சொத்தை விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து. அங்கே உணவு தங்குவதும் ஈறு இறங்குவதும் தொடங்கியிருந்தாலே அது நோய்தான்.

48-ஐச் சுற்றி அழற்சி திரும்பவில்லை. சிறு தலையுள்ள குழந்தைப் பிரஷால் பின்னிருந்து முன்னாகத் துலக்கவும், நுனி வளைந்த 10 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சில் உப்புத் தண்ணீர் எடுத்து இரவுதோறும் மடலுக்கு அடியில் கழுவவும் கற்றுக்கொண்டார். சிகரெட் நாளைக்கு மூன்றாகியிருக்கிறது. இன்னொருமுறை வீங்கினால் முடிவு மாறும். அப்போது முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வேரும் நரம்பும் உண்மையில் தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இப்போது எடுத்தால் அந்தப் படம் எந்த முடிவையும் மாற்றாது, கதிர்வீச்சு மட்டும் மிச்சம். தொட்டிருந்தால் முழுப்பல்லை எடுக்காமல் தலையை மட்டும் வெட்டி, எலும்பு விளிம்புக்கு 3 மி.மீ. கீழே வேரை விட்டு, ஈறை மூடித் தைக்கும் கொரோனெக்டமி செய்யலாம். விட்ட வேர் சில மாதங்களில் நரம்பை விட்டு மெல்ல மேலே நகரும்; சிலருக்குப் பிறகு ஈறில் தலைகாட்டும், அப்போது எடுப்பது எளிது. வேரில் சொத்தையோ சீழோ இருந்தால், வெட்டும்போது வேர் ஆடிவிட்டால், இந்த வழி கிடையாது.

அதற்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி வாய், தாடை அறுவைப் பிரிவுக்கான கடிதம் எழுதி அட்டையில் வைக்கப்பட்டிருக்கிறது, தேதி போடாமல். அடுத்த பார்வை ஆறு மாதத்தில்: 37-இன் பின்பக்க ஆழம், 48-இன் மடல், 47-இன் முதுகு.